வழி விடும் ஊர்கள் – 7: அலை வரைக்கும் ஒரு பாதை

மெரினாவின் சாலையோர நடைபாதையில் நின்றால் கடல் தெரியும், இரைச்சல் கேட்கும். ஆனால் நடுவில் கிடக்கும் மணல் கொஞ்சநஞ்சமல்ல. அந்த மணல் ஆதியிலிருந்தே அப்படிக் கிடக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் எழுப்பினார்கள். நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். குறுக்கே சுவர் வந்ததும் தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்துக்கொண்டு போனது. 1880களில் கவர்னர் கிராண்ட் டஃப் உலாவும் பாதை அமைத்த காலத்தில் கடல் இன்றைவிடக் கிட்டத்தில் இருந்தது.

நடக்கிறவர்களுக்கு அந்த மணல் சுகம். சக்கர நாற்காலி அதில் நாலடி போகாது. முன்பக்கத்துச் சின்னச் சக்கரங்கள்தான் முதலில் புதையும். பின்னாலிருந்து தள்ளத் தள்ள இன்னும் ஆழமாக இறங்கும், நாற்காலி முன்பக்கம் குப்புறச் சாயும். அதற்குமேல் ஆளைத் தூக்கித்தான் போக வேண்டும்.

எங்கள் ஊர் கொமரலிங்கத்தில் ஓர் அக்கா இருக்கிறார். இளம்பிள்ளைவாதத்தில் கால்கள் சூம்பியவர். வீட்டில் உட்கார்ந்தபடி பனியன் பிசிர் வெட்டிக் கொடுப்பது அவர் தொழில். பல வருஷங்களுக்கு முன்னால் சொந்தக்காரர்களோடு மெரினா போயிருக்கிறார். "தூக்கிட்டுப் போறோம்னாங்க தம்பி. அத்தனை பேரு பாக்கத் தூக்கிட்டுப் போறதுக்கு நான் என்ன மூட்டைங்களா? வேன்லயே உக்காந்துக்கறேன்னுட்டேன்" என்றார். கடலைப் பார்க்காததைவிட 'மூட்டை' என்ற அந்த வார்த்தைதான் எனக்கு வலித்தது.

மெரினா மணலில் பாதை வேண்டி மாற்றுத்திறனாளி அமைப்புகள் வருஷக்கணக்கில் போராடின. டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டிச் சில நாட்களுக்கு மட்டும் தற்காலிகப் பாதை போடுவார்கள், பிறகு எடுத்துவிடுவார்கள். 2022 நவம்பர் 27 அன்றுதான் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. நீளம் 263 மீட்டர், அகலம் 3 மீட்டர், செலவு சுமார் 1.14 கோடி ரூபாய். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் வந்து அதன் கடல்பக்கத்து முனையை உடைத்துப் போட்டது. பணம் வீண் என்று பேசியவர்கள் உண்டு. அதை நான் ஏற்க மாட்டேன். புயலில் சாலை பெயர்ந்தால் சாலையே வேண்டாம் என்றா சொல்கிறோம்? மாநகராட்சி பழுது பார்த்தது, பாதை மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. 2024-ல் பெசன்ட் நகர்க் கடற்கரைக்கும் இப்படி ஒரு பாதை கிடைத்தது.

இரண்டும் நல்ல காரியங்கள். ஆனாலும் ஒரு குறை. இரண்டு பாதைகளுமே சாலையிலிருந்து நேராகத் தண்ணீரை நோக்கிப் போய் நின்றுவிடுகின்றன. அலையைப் பார்த்தாயிற்றா, வந்த வழியே திரும்பு. கடற்கரைக்குப் போகிற எவரும் அப்படிச் செய்வதில்லை. கரையோரமாகவே காலாற நடப்பார்கள், பேசுவார்கள், சுண்டல் வாங்குவார்கள். அந்த நடை சக்கர நாற்காலிக்காரருக்கும் வேண்டும்.

பிரிட்டனின் வேல்ஸில் சாண்டர்ஸ்ஃபுட், வைஸ்மன்ஸ் பிரிட்ஜ் என்று அடுத்தடுத்து இரண்டு கடலோர ஊர்கள். 19ஆம் நூற்றாண்டில் நிலக்கரி ஏற்றிப் போன சிறு ரயில்பாதை அவற்றுக்கிடையே இருந்தது. ரயில் நின்ற பிறகு, அது போன சுரங்க வழிகளே நடைபாதை ஆகிவிட்டன. ரயிலுக்குச் செங்குத்து ஏற்றம் ஆகாது. அதனால் பாதை அநேகமாகச் சமதளம், சக்கர நாற்காலியும் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு உருண்டு போகிறது. அவ்வளவு தூரம் போவானேன், புதுச்சேரியில் கடலை ஒட்டிய சாலையில் மாலை முதல் காலை வரை வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். சுமார் ஒன்றரை கிலோமீட்டர், மேடுபள்ளம் இல்லாத நடை. தமிழ்நாட்டுக் கரையில் அப்படி எத்தனை இடம் இருக்கிறது?

சென்னையிலேயே அப்படி ஒரு பாதை போட முடியுமா? மெரினாவுக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே அடையாறு முகத்துவாரம். மீனவர்கள் கடக்க 1960களில் கட்டிய பாலம் 1977 வெள்ளத்தில் இடிந்தது, உடைந்தபடியே நிற்கிறது. அங்கே சாலை போடலாம் என்ற யோசனை வந்தபோதெல்லாம் குப்பத்து மக்கள் எதிர்த்தார்கள். அது நியாயம். வலை காயும் இடமும் படகு ஏற்றும் இடமும் அவர்கள் வாழ்வு, ஆமைகள் முட்டையிட வருவதும் அதே மணல்தான். கார் போகும் சாலை வேண்டவே வேண்டாம். குப்பத்தாரைக் கேட்டு, அவர்கள் இடத்தை விட்டு ஒதுங்கி, கழற்றி மாட்டக்கூடிய மரப்பலகையில் கரையோரப் பாதை போட முடியும். சாய்தளத்துக்கான விதியும் எளிது: ஓரடி உயர 12 அடி நீளம்.

இது யாரும் போடும் தருமம் அல்ல. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொது இடங்களைத் தடையற்றதாக்கச் சொல்கிறது. இதற்கான தர அளவுகள் வெறும் ஆலோசனையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

எங்கள் பக்கத்துப் பனியன் கம்பெனிக்காரர்களுக்கும் டூர் வண்டி ஏற்பாடு செய்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை சென்னை போகும்போது உங்களிடம் வேலை செய்யும் மாற்றுத்திறனாளிகளையும் கேட்டு அழைத்துப் போங்கள். வண்டியை விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே நிறுத்துங்கள். பாதையில் பலகை பெயர்ந்திருந்தாலோ, நுழைவாயிலை இருசக்கர வண்டிகள் அடைத்திருந்தாலோ அன்றைக்கே மாநகராட்சிக்குப் புகார் எழுதுங்கள்.

(அடுத்த வாரம்: பழனி மலைக்கு ஏறும் வழிகள்)