பூநாரை இறங்கும் இடத்தில் கோல்ப் மைதானமா?

செம்பூரில் குடியிருக்கும் நம்மவர்களுக்குக் கோல்ப் ஆட்டம் புதிதல்ல. 1927-ல் தொடங்கிய பம்பாய் பிரசிடென்சி கோல்ப் கிளப் அங்கேதான் இருக்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நிற்கிறோம். அந்தப் பக்கம் சிலர் பந்தடிக்கிறார்கள். அதில் நமக்கு வருத்தமோ பொறாமையோ கிடையாது. ஆனால் இன்னொரு மைதானத்தை எங்கே அமைக்கப் பார்த்தார்கள் என்பது நாம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

ஹார்பர் லயனில் பன்வேல் வண்டி ஏறினால் நெருலுக்கு அடுத்தது சீவுட்ஸ். ஸ்டேஷனிலிருந்து கடற்கழிப் பக்கம் போனால், டி.எஸ்.சாணக்யா கப்பற் பயிற்சிக் கல்லூரிக்கும் என்.ஆர்.ஐ. காம்ப்ளெக்சுக்கும் அருகே சதுப்பும் நீர்த்தேக்கமும் அலையாத்தி மரங்களுமாக ஒரு பரந்த நிலம் கிடக்கிறது. சுமார் 80 ஏக்கர். நிலம் சிட்கோவுக்குச் சொந்தம். கோல்ப் மைதானமும் கூடவே அடுக்குமாடிக் குடியிருப்புகளும் எழுப்புவதற்காக அதை ஒரு தனியார் கட்டட நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். கட்டடம் கட்டக்கூடாத பகுதி என்று திட்ட வரைபடத்தில் இருந்த இடத்தைக் குடியிருப்புக்கு ஏற்றபடி மாற்றி அரசாங்கமும் உத்தரவு போட்டது.

நவி மும்பைவாசிகள் சிலரும் அங்குள்ள சுற்றுச்சூழல் சங்கமும் இதை எதிர்த்துப் பொதுநல வழக்குப் போட்டார்கள். இது ஈரநிலமே அல்ல என்று வாதாடினார்கள் எதிர்த் தரப்பினர். 2018 நவம்பர் 1-ம் தேதி நீதிபதிகள் அபய் ஓகா, ரியாஸ் சாக்ளா ஆகியோர் அடங்கிய மும்பை ஹைகோர்ட் பெஞ்சு தீர்ப்புச் சொன்னது. இது ஈரநிலம்தான், நிலப் பயன்பாட்டை மாற்றிய உத்தரவு செல்லாது என்பது தீர்ப்பு. அலையாத்திக் காட்டை அழிப்பது குடிமக்களின் அடிப்படை உரிமையைப் பறிப்பதாகும் என்று இதே பெஞ்சு அதற்கு ஆறு வாரம் முன்னால்தான், செப்டம்பர் 17-ம் தேதி, வேறொரு வழக்கில் சொல்லியிருந்தது. ஆனால் ஹைகோர்ட்டோடு விவகாரம் முடிந்துவிடவில்லை. அப்பீல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று.

வேலை ஓரிடம், வீடு ஓரிடம்

"கோல்ப் மைதானமும் பச்சைதானே? சேற்றை விடப் புல் மேல் அல்லவா?" என்று கேட்பவர்கள் உண்டு. பார்வைக்கு அப்படித்தான் தோன்றும். 18 குழி கொண்ட மைதானத்துக்கு நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும்; தினமும் தண்ணீர், உரம், பூச்சிமருந்து வேண்டும். வெட்டி மட்டப்படுத்திய அந்தப் புல்லில் நண்டும் கிடையாது, பாசியும் கிடையாது, அவற்றைத் தின்ன வரும் பறவையும் கிடையாது.

பறவை என்று சொன்னது பூநாரையை. பிளமிங்கோ என்று மும்பையில் எல்லோரும் சொல்கிறார்கள். குளிர்காலம் தொடங்கும்போது தானா கடற்கழிக்கு வந்து மே மாதம் வரை தங்குகிறது. நீர் வற்றும்போது கழியின் சேற்றில் இறங்கிப் பாசியை வடிகட்டித் தின்கிறது. நீர் ஏறினால் சேறு மூழ்கிவிடும். எத்தனை நீளமான காலும் போதாது. அப்போது அத்தனையும் எழும்பி நெருல், பாண்டுப் போன்ற இடங்களில் உள்ள நீர்நிலைகளுக்குப் போய் ஓய்வெடுக்கும். நீர் வற்றியதும் மறுபடி கழிக்கு. நம்முடைய லோக்கல் வண்டிப் பிழைப்பு மாதிரியேதான்.

2015-ல் தானா கடற்கழியைப் பூநாரை சரணாலயமாக அரசு அறிவித்தது. 2022-ல் அது ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் நெருல் நீர்நிலைகள் சரணாலய எல்லைக்கு வெளியே இருக்கின்றன. பறவையின் ஆபீசுக்குக் காவல் போட்டுவிட்டு அதன் கோலியை பில்டரிடம் கொடுப்பது என்ன நியாயம்?

ஓய்விடம் கெட்டால் என்ன ஆகும் என்பதை 2024-ல் கண்ணாலேயே பார்த்தோம். அந்த ஏப்ரலில், அதே நெருலில் உள்ள டி.பி.எஸ். ஏரிக்குக் கடல்நீர் வரும் வழி அடைபட்டு ஏரி காய்ந்தது, பூநாரைகள் செத்தன. கூச்சல் எழுந்த பிறகு, 2025 ஏப்ரலில் அந்த ஏரியின் 30 ஏக்கரைப் பாதுகாப்புப் பகுதியாக்க மாநில வனவிலங்கு வாரியம் ஒப்புக்கொண்டது. 2024 மே 20-ம் தேதி இரவு துபாயிலிருந்து வந்த எமிரேட்ஸ் விமானத்தில் மோதி 39 பூநாரைகள் காட்கோபரில் வீட்டுப் பக்கங்களில் விழுந்து கிடந்தன. விமானம் பத்திரமாக இறங்கியது. இப்போது நவி மும்பையிலும் விமான நிலையம் வந்துவிட்டது. 2025 அக்டோபரில் திறந்தார்கள். நீர்நிலைகளைத் தூர்த்தால் பறவைக் கூட்டம் ஓடுபாதைப் பக்கம் ஒதுங்கும் என்று பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் முன்பே எச்சரித்திருக்கிறது. பறவைமேல் பரிவில்லாதவர்களுக்கும் விமானத்தில் ஊருக்குப் போகும் ஆசை இருக்குமே!

நமக்கென்ன?

கட்டடம் எழும்பினால் கொத்து வேலை, கம்பி கட்டும் வேலை, பெயின்ட் வேலை கிடைக்கும். நம்மவர்கள் பலருக்கு அதுதான் சோறு. இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் கட்டடத்துக்கு நிலம் வேறெங்கும் கிடைக்கும். சிட்கோவே கார்கரில் ஒரு கோல்ப் மைதானம் அமைத்திருக்கிறது. சதுப்புக்கு மாற்று இடம் கிடையாது.

தாராவிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2005 ஜூலை 26-ம் தேதி சாந்தாகுருசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, மிட்டி ஆற்றுத் தண்ணீர் யார் வீட்டுக்குள் புகுந்தது? சதுப்பும் அலையாத்தியும் இருக்கும் இடத்தில் மழைநீரும் கடல்நீரும் தங்க இடமுண்டு. அதை மேடாக்கிவிட்டால் தண்ணீர் பள்ளத்தைத் தேடித்தான் வரும். பள்ளத்தில் இருப்பவர்கள் நாம்தான்.

அசாமில் நுமலிகர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, டவுன்ஷிப்புக்கும் கோல்ப் மைதானத்துக்குமாக தேவ்பஹார் காட்டில், யானைகள் நடமாடும் வழியில் ஒரு நீளச் சுவர் எழுப்பியது. அதை இடிக்கும்படி 2016-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. அப்பீலை 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தள்ளிவிட்டது. காட்டில் முதல் உரிமை யானைக்குத்தான், ஆபீசுக்குப் போவதுபோல அது ஒரே பாதையில் போகாது என்று நீதிபதிகள் சொன்னார்களாம். எட்டரை மணி வண்டியைத் தினமும் பிடிக்கிற நம்மைப் பார்த்துச் சொன்னது போலவே இருக்கிறது!

திருநெல்வேலிப் பக்கத்து அன்பர்களுக்குக் கூந்தன்குளம் தெரியாமல் இராது. குளத்தில் பறவைகள் தங்கினால் ஊருக்கு நல்லது என்று நம்பி, தீபாவளிக்கு வெடி கூடப் போடாத ஊர். பூநாரை அங்கும் வரும். தனுஷ்கோடியில் பூநாரைக்கென்றே ஒரு சரணாலயத்தை 2025 ஜூனில் தமிழக அரசு அறிவித்தது.

நெருலில் பார்க்க விரும்புகிறவர்கள் டிசம்பருக்கு மேல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சீவுட்ஸில் இறங்கலாம். டிக்கெட் கிடையாது. கடலேற்ற நேரத்தைக் கேட்டுக்கொண்டு போக வேண்டும். கழியில் நீர் நிறைந்த பிறகுதான் கூட்டம் ஏரிக்கு வரும்.