வியட்நாமியரும் நாமும்
கனடாவுக்குள் இரு வாசல்களால் வந்த இரு சமூகங்கள்

எம்மவர் நாலுபேர் கூடும் இடங்களில் இந்நாட்டிலுள்ள மற்றச் சமூகங்களோடு எம்மை ஒப்பிட்டுப் பேசுவது வழமையாகிவிட்டது. "அவங்களைப் பாருங்கோ, ஆளுக்கொரு கடை வைச்சிருக்கிறாங்கள். எங்கடை ஆக்கள் இன்னும் மற்றவனுக்குத்தான் உழைக்கினம்" என்று ஒருவர் தொடங்குவார். "வந்து பத்து வருசத்துக்குள்ளை வீடு வாங்கின சனம் நாங்கள்; எங்களைப்போல ஆர் உழைப்பினம்?" என்று இன்னொருவர் முடிப்பார். அண்மையில் வந்திறங்கிய குடும்பங்கள் இரண்டையும் கேட்டுக் குழம்பிப் போகின்றன.

ஒப்பிடுவதில் தவறில்லை. ஆனால் எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில் நிதானம் வேண்டும். அதனால் இவ்விதழில் எமக்கு மிக அண்மித்த ஒரு சமூகத்தை எடுத்துக்கொள்கிறோம். வியட்நாமியரும் எம்மைப்போல் போரினால் துரத்தப்பட்டவர்கள், கடல் கடந்தவர்கள், சோறு தின்பவர்கள், பனியை முன்பின் கண்டறியாதவர்கள். இருந்தும் இந்நாட்டில் அவர்களது முதற் பத்து வருடங்களும் எமது முதற் பத்து வருடங்களும் ஒரே மாதிரி அமையவில்லை. ஏன்?

அவர்கள் வந்த வாசல்

1975 ஏப்ரல் 30இல் சைகோன் நகரம் வீழ்ந்தது. அதன்பின் பல இலட்சம் மக்கள் மரக்கலங்களில் ஏறித் தென்சீனக் கடலில் இறங்கினர். புயலிலும் தாய்லாந்து வளைகுடாக் கடற்கொள்ளையர் கையிலும் மாண்டோர் ஆயிரக்கணக்கானோர். தப்பியோர் மலேசியாவின் புலாவ் பிடொங் போன்ற தீவு முகாம்களில் நெருங்கிக் கிடந்தனர். 1978 நவம்பரில் ஏறத்தாழ 2,500 பேருடன் வந்த ஹை ஹொங் என்னும் பழைய கப்பலைக் கரைக்கு அண்ட விடாமல் மலேசியா தடுத்தபோது உலகம் விழித்துப் பார்த்தது. அவர்களில் 600 பேர் வரையில் கனடா ஏற்றது.

1979, 1980ஆம் ஆண்டுகளில் வியட்நாம், லாவோஸ், கம்போடியா ஆகிய மூன்று நாடுகளிலிருந்தும் ஏறத்தாழ 60,000 அகதிகளைக் கனடா கொண்டுவந்தது. இவர்களில் பாதிக்கு மேற்பட்டோரை அழைத்தவர்கள் சாதாரண குடிமக்கள். ஐந்துபேர் சேர்ந்தோ ஒரு தேவாலயம் முன்வந்தோ ஒரு குடும்பத்தை ஒரு வருடத்துக்குப் பொறுப்பேற்கலாம் எனப் புதிய குடிவரவுச் சட்டம் இடமளித்திருந்தது. ஒட்டாவா நகர மேயராக இருந்த மரியன் டூவர் தமது நகரம் மட்டும் 4,000 பேரை ஏற்கும் என அறிவித்தார்.

இதன் பொருளை நாம் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். முகாமிலேயே தெரிவு முடிந்துவிட்டது. மொன்றியலிலோ எட்மன்ரனிலோ இருந்த இராணுவத் தளத்தில் வந்திறங்கியபோது அவர்கள் நிரந்தர வதிவிட உரிமை உடையவர்கள். குளிருடுப்பு அங்கேயே கொடுக்கப்பட்டது. வீடு பார்ப்பதற்கும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கும், வைத்தியரிடம் அழைத்துச் செல்வதற்கும் ஊர்க்காரர் ஒருவர் கூடநின்றார்.

அன்றும் கனேடியர் எல்லாரும் கைகூப்பி வரவேற்றார்கள் என எண்ணவேண்டாம். எதிர்த்தோரும் பலர் இருந்தனர். ஆயினும் அரசும் தேவாலயங்களும் ஒரு பக்கம் நின்றமையால் காரியம் நடந்தது.

நாம் வந்த வாசல்

1983 ஆடிக் கலவரத்தின் பின்னர் கனடா அறிவித்த விசேட ஏற்பாடுகளின் கீழ் உறவினரால் அழைக்கப்பட்டு வந்தோர் எம்மிலும் உளர். ஆயினும் எம்மவரிற் பெருந்தொகையானோர் தாமாக வந்து, விமான நிலையத்திலோ எல்லையிலோ 'நான் அகதி' என்று சொல்லி உள்நுழைந்தவர்களே. எம்மைத் தெரிந்தெடுத்து அழைத்துவர முகாமுக்கு எவரும் வரவில்லை. ஏஜென்சிக்காரருக்குக் கட்டிய காசுதான் எமக்கு வாசலைத் திறந்தது.

1986ஆம் ஆண்டு இவ்விரு வாசல்களையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டியது. அவ்வருடம் அகதிகளுக்கு ஆற்றிய பணிக்காக ஐ.நா.வின் நான்சன் பதக்கம் கனேடிய மக்கள் அனைவருக்கும் வழங்கப்பட்டது. அதே வருடம் ஓகஸ்ட் மாதம் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த எம்மவர் 155 பேரை மீனவர்கள் மீட்டுக் கரைசேர்த்தனர். கரையில் கம்பளியும் சாப்பாடும் கிடைத்தன. அவர்கள் மேற்கு ஜேர்மனியிலிருந்து வந்தவர்கள் எனத் தெரியவந்ததும் பத்திரிகைகளின் தொனி மாறியது. கடலில் வந்த வியட்நாமியருக்குப் பதக்கம் பெற்ற நாட்டில், கடலில் வந்த தமிழர் வரிசையை முந்தியவர்கள் எனப் பேசப்பட்டனர். 2010 ஓகஸ்டில் சன் சீ கப்பலில் வந்த 492 பேரும் இறங்கியவுடனேயே தடுப்புக்காவலில் வைக்கப்பட்டனர். பலர் பல மாதங்கள் அங்கேயே இருந்தனர்.

எமக்குக் கைகொடுத்தது ஒரு தீர்ப்பு. சீக்கியர் உட்பட ஏழுபேர் தொடுத்த வழக்கில், கனடா மண்ணில் நிற்கும் அகதிக் கோரிக்கையாளருக்கு நேரில் தன் கதையைச் சொல்லும் உரிமை உண்டென உச்ச நீதிமன்றம் 1985 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. சிங் வழக்கு எனப்படுவது இதுதான். இன்றும் எமது பிள்ளைகள் அகதி விசாரணைக்கு முன்னால் வாய்திறந்து பேச முடிவது அதனாலேயே. ஆனால் உரிமை கிடைத்ததே தவிர ஆட்கள் போதவில்லை. விசாரணைக்குக் காத்திருந்தோர் வரிசை நீண்டது. 1989இல் குடிவரவு, அகதிகள் சபை தொடங்கிய பின்னரும் பழைய கோரிக்கைகள் பல வருடம் தேங்கிக் கிடந்தன.

காத்திருப்பின் விலை

காத்திருப்பு என்பது வெறுமனே மனக்கவலை மட்டும் என நினைப்போர் உண்டு. அதற்குக் காசிலும் கணக்குண்டு. தற்காலிகமாக இருப்போருக்குக் கொடுக்கப்படும் சமூகக் காப்புறுதி இலக்கம் 9இல் தொடங்கும். அதைக் கண்டதுமே இவர் நிரந்தரமில்லாதவர் என முதலாளிக்குத் தெரிந்துவிடும். நல்ல வேலைக்குக் கூப்பிடத் தயங்குவார். வங்கி கடன்கொடுக்கத் தயங்கும். ஊரில் கணக்காளராக இருந்தவர் உணவகத்தில் கோப்பை கழுவினார்; ஆசிரியராக இருந்தவர் இரவில் கட்டடம் துப்புரவாக்கினார். கோப்பை கழுவுவதில் இழிவேதும் இல்லை. ஆனால் ஆறு மாதம் கழுவவேண்டியவர் ஆறு வருடம் கழுவும்போது அவரது பழைய தொழில் கையைவிட்டுப் போய்விடுகிறது.

வதிவிட உரிமை கிடைக்கும்வரை மனைவி பிள்ளைகளை அழைக்க இயலாது. கணவர் ஸ்காபரோவில் நாலுபேருடன் ஓரறையில்; மனைவி கொழும்பு லொட்ஜிலோ சென்னை வாடகை வீட்டிலோ. இரண்டு வாடகையையும் ஒரு சம்பளம் கட்டியது. இவற்றுக்கு மேலே ஏஜென்சிக்குப் பட்ட கடனும், அதன் வட்டியும். போதாக்குறைக்கு 1995 வரவு செலவுத் திட்டத்தில் குடியேறும் வளர்ந்தோர் ஒவ்வொருவருக்கும் 975 டொலர் கட்டணம் விதிக்கப்பட்டது. ஏற்கப்பட்ட அகதிகளும் கட்டினர். கணவனும் மனைவியும் என்றால் 1,950 டொலர், விண்ணப்பக் கட்டணம் புறம்பாக. 2000ஆம் ஆண்டிலேதான் அகதிகளுக்கு இது நீக்கப்பட்டது.

வியட்நாமியருக்கு முதல் நாளிலேயே கிடைத்த ஒரு துண்டுக் கடதாசிக்கு நாம் வருடங்களாகவும் டொலராகவும் விலைகொடுத்தோம். 'அவர்கள் ஏன் முன்னே போனார்கள்' எனக் கேட்போர் இந்தக் கணக்கையும் பார்க்கவேண்டும்.

எமக்கிருந்தது, அவர்களுக்கு இல்லாதது

அப்படியானால் அவர்களுக்கு எல்லாம் சுகமாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. பொறுப்பேற்றவர்கள் நாடெங்கும் பரந்திருந்ததால், மருந்துக்கும் ஒரு வியட்நாமியர் இல்லாத சிற்றூர்களில் குடும்பங்கள் தனித்துப் போயின. தமது மொழியில் ஒரு வார்த்தை பேச ஆளில்லை. மீன் சோஸ் வாங்கக் கடையில்லை. உதவியவர்கள் நல்லவர்களே என்றாலும், உதவிக்கு நன்றியாகக் கோயிலுக்கு வரவேண்டுமென எதிர்பார்த்தோரும் அவர்களில் இருந்தனர். இதனால் ஓரிரு வருடத்துக்குள் பலர் மூட்டைகட்டிக்கொண்டு ரொறன்ரோ, மொன்றியல், வன்கூவர், கல்கரி போன்ற நகரங்களுக்கு இடம்பெயர்ந்தனர்.

எமக்கு அந்தத் தனிமை குறைவு. முதலில் ரொறன்ரோ வெல்லஸ்லி வீதியை அண்டிய மாடிக் கட்டடங்களிலும், பின்னர் ஸ்காபரோவிலும் எம்மவர் ஒன்றுகூடினர். வந்தவனுக்கு ஒரு பாயும், ஒரு நேரச் சோறும், 'நாளைக்கு வா, எங்கடை பக்டரியிலை கேட்டுப் பாப்பம்' என்ற வார்த்தையும் எப்படியோ கிடைத்தன. பாடசாலையில் ஆங்கிலம் ஓரளவு படித்தவர்களும் எம்மில் அதிகம்.

பொருளாதார மந்தமும் இருவரையும் ஒரேமாதிரித்தான் பிடித்தது. அவர்கள் வேலையில் கால் ஊன்ற முன்னர் 1981-82 மந்தம் வந்தது. எம்மவர் பெருந்தொகையாக வந்த வேளையில் 1990களின் தொடக்க மந்தம். தொழிற்சாலையில் கடைசியாகச் சேர்ந்தவரைத்தானே முதலில் நிறுத்துவார்கள்.

வங்கி கைவிட்ட இடத்தில் இரு சமூகங்களும் ஒரே வழியைக் கண்டன. நாம் சீட்டுப் பிடிப்பதுபோல் அவர்கள் 'ஹுய்' பிடிக்கிறார்கள். மாதாமாதம் போட்டு, முறைவைத்து எடுப்பதுதான். அவர்களது சூப் கடைகளுக்கும் நக அலங்கார நிலையங்களுக்கும், எமது பலசரக்குக் கடைகளுக்கும், வீட்டு முற்பணத்துக்கும் இது உதவியது. சீட்டுக்காரர் தலைமறைவானால் போட்டவர் நடுத்தெருவில் நிற்பதும் இரு சமூகத்திலும் நடந்ததுதான்.

இன்னொரு ஒற்றுமை கசப்பானது. தாயும் தகப்பனும் இரண்டு வேலைக்கு ஓடும்போது வீட்டில் தனித்துவிடப்பட்ட இளைஞர்கள். 1980, 90களில் வியட்நாமியக் குழுச்சண்டைகளும் 90களில் தமிழ்க் குழுச்சண்டைகளும் பத்திரிகைகளில் பெரிதாக வந்தன. ஒரு சிலர் செய்ததற்கு முழுச் சமூகத்தின் பெயரும் கெட்டது. உழைப்புக்குக் கொடுத்த நேரத்தைப் பிள்ளைக்குக் கொடுக்கமுடியாமற் போனதன் விலை அது.

பத்து வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு

மோர்ட்டன் பைசர் என்னும் மனநல மருத்துவப் பேராசிரியரின் குழு 1981இல் வன்கூவரில் தென்கிழக்காசிய அகதிகள் 1,348 பேரைச் சந்தித்து, பின்னர் பத்து வருடகாலம் அவர்களைத் தொடர்ந்து பார்த்தது. பத்து வருட முடிவில் பெரும்பாலானோர் வேலையிலும் சுகத்துடனும் இருந்தனர். அகதிகள் நாட்டுக்குச் சுமை என்போருக்கு இது தக்க பதில்.

எமக்கு முக்கியமானது வேறொரு செய்தி. தொடக்கத்தில் ஆங்கிலம் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் வேலை கிடைப்பதில் பெரிய வேறுபாடு இருக்கவில்லை. தொழிற்சாலையிலும் சமையலறையிலும் மொழி அவ்வளவு தேவைப்படவில்லை. ஆனால் பத்தாவது வருடத்தில் வேலைக்கும் மனநலத்துக்கும் மொழியே பெரிய காரணியாக நின்றது, அதிலும் முக்கியமாகப் பெண்களுக்கு. அக்காலத்தில் அரசின் மொழிப் பயிற்சி பெரும்பாலும் வேலைக்குப் போகும் குடும்பத் தலைவரை நோக்கியே இருந்ததால், வீட்டிலிருந்த பெண்கள் விடுபட்டுப் போயினர்.

அதாவது மொழியறியாமையின் நட்டம் முதல் வருடத்தில் தெரியாது. வேலை இருக்கும், சம்பளம் வரும், ஊருக்குக் காசும் போகும். பத்தாவது வருடத்தில், தொழிற்சாலை மூடும்போது, வைத்தியரிடம் தனியே போகவேண்டி வரும்போது, பிள்ளை தாய்க்கு மொழிபெயர்க்க வெட்கப்படும்போதுதான் அது தெரியும்.

புதிதாக வந்த குடும்பங்களுக்கு

எந்த வாசலால் வருவது என்பதை நாம் தீர்மானிக்கவில்லை. வந்தபின் செய்யக்கூடியவை சில உண்டு.

ஒன்று, கணவனும் மனைவியும் இருவருமே மொழி வகுப்புக்குப் போங்கள். மத்திய அரசின் வகுப்புகள் நிரந்தர வதிவிட உரிமை பெற்றோருக்கும் அகதியாக ஏற்கப்பட்டோருக்கும் உரியவை. விசாரணைக்குக் காத்திருப்போரும் ஒன்ராறியோவில் பாடசாலைச் சபைகள் நடத்தும் வளர்ந்தோர் ஆங்கில வகுப்புகளில் சேரலாம். ஒருவருக்கு இரவு வேலையென்றால் மற்றவர் பகலில் போகலாம். மனைவியின் வகுப்பை 'பிறகு பாப்பம்' எனத் தள்ளிவைக்க வேண்டாம்.

இரண்டு, ஊரிலிருந்து சான்றிதழ்களை இப்போதே எடுப்பியுங்கள். முதல் வேலை எதுவாகவும் இருக்கட்டும். அது கடைசி வேலையாகிவிடக் கூடாது.

மூன்று, சீட்டுப் போடுவதாயின் யார் எவ்வளவு, எப்போது என எழுதிக் கையொப்பமிட்டு வைத்திருங்கள்.

நான்கு, பக்கத்து வீட்டுக்காரர் வீடு வாங்கிய வருடத்தோடு உங்கள் வருடத்தை ஒப்பிடாதீர்கள். அவர் எந்தக் கடதாசியோடு வந்தார், எவ்வளவு கடனோடு வந்தார் என்பது உங்களுக்குத் தெரியாது.

2015-16இல் சிரிய அகதிகள் வந்தபோது அவர்களைப் பொறுப்பேற்க முன்வந்தோரில் வியட்நாமியரும் இருந்தனர். தமக்கு ஒருகாலம் குளிருடுப்பு வாங்கிக் கொடுத்தவர்களின் இடத்தில் தாம் நின்றார்கள். எமக்கு அப்படி ஒருவர் வாசலில் நிற்கவில்லை என்பது உண்மைதான். அந்தக் குறையின் கனம் எமக்குத் தெரிந்தபடியால், இனி வருபவர் தமிழராயினும் வேறெவராயினும், 'நாங்கள் பட்டுத்தானே வந்தோம், அவர்களும் படட்டும்' என்று எம்மவர் வாயிலிருந்து வரக்கூடாது என்பதே எமது வேண்டுகோள்.