தலைக்காயம்: டிஸ்சார்ஜுக்குப் பிறகு குடும்பம் தெரிந்துகொள்ள வேண்டியவை

சாலை விபத்தில் தலையில் அடிபட்டவர் ஐ.சி.யு.வில் கிடக்கும் நாட்களில் சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்து நிற்பார்கள். கண் திறந்தாரா, ஆள் அடையாளம் தெரிகிறதா, கஞ்சி இறங்கியதா என்று விசாரிப்பார்கள். தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பியதும் ‘பிழைத்துக்கொண்டார்’ என்று ஊருக்கு நிம்மதி. வீட்டிலிருக்கும் மனைவிக்கோ அம்மாவுக்கோ உண்மையான சிரமம் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

மண்டையோட்டின் உட்புறம், முன்பக்கமாக, எலும்பு கரடுமுரடாக இருக்கும். வேகமாக மோதும்போது மூளையின் முன்பகுதி அதில் உரசி அடிபடுகிறது. கோபத்தை அடக்குவது, ஒரு வேலையைத் தொடங்கி முடிப்பது, எதை எங்கே பேசலாம் என்று நிதானிப்பது எல்லாம் அந்தப் பகுதியின் பொறுப்பு. அதனால்தான் அதிர்ந்து பேசாத மனிதர் பிள்ளை சத்தம் போட்டதற்குத் தட்டைத் தூக்கி எறிகிறார். சுறுசுறுப்பாக இருந்தவர் குளிக்கக்கூட எழாமல் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். ‘திமிர்’, ‘சோம்பேறித்தனம்’, ‘யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்’ என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். இது மூளையில் பட்ட காயம். நரம்பியல் மருத்துவர், மனநல மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர் எல்லோருக்கும் இதில் வேலை இருக்கிறது. கோயிலுக்குப் போங்கள், வேண்டிக்கொள்ளுங்கள். ஆனால் மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். வலிப்பு வராமலிருக்கக் கொடுத்த மாத்திரையைத் திடீரென்று விட்டால் வலிப்பு வரக்கூடும், அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். மருத்துவர் சொல்லும்வரை வண்டிச் சாவியைக் கையில் தர வேண்டாம். மது அறவே கூடாது.

லேசான அடி என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடிபட்டவர் எழுந்து நன்றாகப் பேசிவிட்டு, சில மணி நேரம் கழித்து மயங்குவதுண்டு. உள்ளே இரத்தம் கட்டுவது அதற்கொரு காரணம். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், மூக்கிலோ காதிலோ தண்ணீர் போல வடிவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். குளியலறையில் வழுக்கி விழுந்த முதியவருக்குச் சில வாரம் கழித்துத்தான் தடுமாற்றமும் குழப்பமும் தெரியலாம். ‘வயசாகிவிட்டது’ என்று விட்டுவிடாமல் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.

விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு, தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. மத்திய அரசின் 2025-ஆம் ஆண்டுத் திட்டம் ஏழு நாள்வரை, ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மிகாமல் சிகிச்சை தருகிறது. விபத்தில் சிக்கியவரைத் தூக்கிக்கொண்டு போனவரைப் போலீஸ் அலைக்கழிக்க முடியாது. அவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது.

நான் மிகவும் வற்புறுத்துவது, ஒரு நாற்பது பக்க நோட்டு. கை போனால் எல்லோருக்கும் தெரியும். ஞாபகம் போனது யாருக்கும் தெரியாது. நீதிமன்றத்துக்கும் மருத்துவக் குழுவுக்கும் அதைக் காட்ட வேண்டியவர்கள் கூட இருப்பவர்கள்தான். நோட்டில் பெரிதாக எதுவும் எழுத வேண்டியதில்லை. ‘காலை 7 மணிக்குப் பல் தேய்த்தார். 7.30-க்கு மறுபடி தேய்க்கப் போனார்.’ ‘பால் வாங்கப் போனவர் வழி தெரியாமல் நின்றார், பக்கத்துக் கடைக்காரர் கூட்டி வந்தார்.’ ‘கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்தார்.’ தேதி போட்டு, நடந்தபடி எழுதினால் போதும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இதைக் காட்டி, ஓ.பி. சீட்டிலும் குறிக்கச் சொல்லுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல், ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் படங்கள், மருந்துக்கடை பில், ஆட்டோ செலவு எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.

இழப்பீடு கேட்டு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட ஆறு மாதக் கெடு என்கிறது சட்டம். தவறிவிட்டது என்று நீங்களாகவே கைவிடாமல் வழக்கறிஞரிடம் கேளுங்கள். ‘உடனே பணம் வாங்கித் தருகிறேன்’ என்று வரும் இடைத்தரகர் பேச்சில் விழ வேண்டாம். லோக் அதாலத்தில் ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல்முறையீடு கிடையாது. பாதிப்பு முழுதாகத் தெரியும் முன் கையெழுத்துப் போட்டால் ஆயுளுக்கும் அந்தத் தொகைதான். மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் கிடைக்கும் வழி 2022 முதல் இருக்கிறது.

இரண்டு தீர்ப்புகளை இங்கே சொல்ல வேண்டும். மருத்துவர் போடும் ஊனச் சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிற்று என்று பார்க்க வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 30 சதவீதம் என்று சான்று பெற்ற கணக்கர், கூட்டல் கணக்கே போட முடியாத நிலையில் இருந்தால் அவருடைய இழப்பு 30 சதவீதமல்ல. இன்னொன்று 2020-இல் வந்தது. பெற்றோருடன் டிராக்டரில் போன 12 வயதுச் சிறுமி, லாரி மோதித் தலைக்காயத்தால் கைக்குழந்தை நிலைக்குப் போனாள். அவளைக் கவனிக்க இரண்டு பேர் வேண்டும் என்று சொல்லி, அதற்கு மட்டும் 21,60,000 ரூபாய் கணக்கிட்டது உச்ச நீதிமன்றம். சுமார் 26 லட்சமாக இருந்த மொத்த இழப்பீடு 62 லட்சத்தைத் தாண்டியது. வேலையை விட்டுவிட்டு மகனைப் பார்த்துக்கொள்ளும் தாயின் உழைப்புக்கும் விலை உண்டு. மனுவில் அதைத் தயங்காமல் கேளுங்கள்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் மூளைக்காயம் தனியாக இடம்பெறவில்லை. இது பெரிய குறை. காயத்தால் விளைந்த கை கால் முடக்கம், பேச்சுக் குறை, மனநலப் பாதிப்பு ஆகியவற்றின் பேரில்தான் சான்று வாங்க வேண்டும். 40 சதவீதம் இருந்தால் பல சலுகைகளுக்கு வழி திறக்கும். அரசுப் பணியில் இருப்பவரை இந்தப் பாதிப்பைக் காரணம் காட்டி வேலையை விட்டு அனுப்பவோ பதவி இறக்கவோ 20-ஆம் பிரிவு தடை போடுகிறது. பொருத்தமான வேறு வேலை தர வேண்டும். இல்லையென்றால் அவருக்காக உபரிப் பணியிடம் உருவாக்க வேண்டும். விருப்ப ஓய்வுக் கடிதத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

நினைவு திரும்பாதவருடைய வங்கிப் பணத்தை மனைவியேகூட எடுக்க முடியாமல் தவிப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். சுயநினைவில்லாதவரின் கைநாட்டை வாங்கி எழுதும் பவர் பத்திரம் செல்லாது. உயர் நீதிமன்றத்தை அணுகினால் மனைவியைப் பாதுகாவலராக நியமிக்கலாம். கோமாவில் இருந்த கணவரின் சொத்தை விற்றுச் சிகிச்சை பார்க்க மனைவிக்கு 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதி கொடுத்திருக்கிறது. வக்கீல் செலவுக்கு அஞ்ச வேண்டாம். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, 15100-ஐ அழைக்கலாம்.

பார்த்துக்கொள்பவர் மனம் உடைந்துபோனால் 14416-இல் பேசலாம். வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தர ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இருக்கிறது. சொந்தக்காரர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள்: மருத்துவமனைக்கு ஆப்பிளோடு போனதுபோல, ஆறு மாதம் கழித்தும் அந்த வீட்டுக்கு ஒருமுறை போங்கள். நோயாளியோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்துகொண்டு, அந்த அம்மாவைப் போய்த் தூங்கச் சொல்லுங்கள்.