கைதானவர் பெயர் எந்தப் பலகையில் இருக்கும்?

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி பத்தே முக்காலுக்கு எனக்கு ஒரு போன் வந்துச்சு. ஃப்ரெண்டோட அம்மா. அவன் பெங்களூர்ல வேலை பார்க்கிறான், அம்மாவும் தம்பியும் இங்கே சென்னையில. "தம்பி, சின்னவனை ரெண்டு பேர் வந்து வண்டியில கூட்டிட்டுப் போயிட்டாங்கப்பா. சும்மா விசாரணைக்குத்தான், ஒரு மணி நேரத்துல அனுப்பிடுறோம்னாங்க. மூணு மணி நேரம் ஆச்சு." எந்த ஸ்டேஷன்னு கேட்டேன். தெரியல. வந்தவங்க யூனிஃபார்ம்லயும் இல்லையாம்.

அன்னைக்கு ராத்திரி அம்மாவை பைக்ல உட்கார வெச்சுக்கிட்டு மூணு ஸ்டேஷன் ஏறி இறங்கினேன். முதல் ஸ்டேஷன்ல பாராவில் இருந்தவர் எங்களை உள்ளேயே விடல. ரெண்டாவதுல, "அப்படி யாரும் இங்கே வரலையே" என்றார்கள். மூணாவதுல ரைட்டர் பையனோட பேரைக் கேட்டுட்டு, மேலே ஒரு தடவை பார்த்துட்டு, "கைதெல்லாம் இல்லம்மா, விசாரணைதான், காலையில வாங்க" என்றார். அம்மாவுக்கு அதுவே பெரிய நிம்மதி. உயிரோட இருக்கான், எங்கே இருக்கான்னு தெரிஞ்சுபோச்சே.

அன்னைக்கு எனக்குத் தெரியாத, பிறகு தெரிஞ்சுக்கிட்ட விஷயங்கள்தான் இந்த எபிசோட். ஒருத்தர் கைதாகியிருக்காரா, எங்கே இருக்கார், என்ன கேஸ் என்பதை ஒரு சாதாரண ஆள் எப்படித் தெரிஞ்சுக்கிறது? கூகுள்ல "அரெஸ்ட் ரெக்கார்ட்ஸ்"னு தேடினீங்கன்னா முதல் பக்கம் முழுக்க அமெரிக்கத் தளங்கள்தான் வரும். பேரைப் போடு, போட்டோவோட எல்லாம் காட்டுறேன், இத்தனை டாலர் கொடு என்கிற ரகம். நம்ம ஊருக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. நம்ம சட்டம் கைது விவரத்தைப் பொதுவில் வைக்கச் சொன்ன காரணமே வேற.

1986-ல் மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் தலைவராக இருந்த டி.கே. பாசு, போலீஸ் காவலில் நடக்கும் மரணங்களைப் பற்றிப் பத்திரிகையில் வந்த செய்திகளைச் சேர்த்து, சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் போட்டார். அந்தக் கடிதத்தையே கோர்ட் மனுவாக எடுத்துக்கிச்சு. பத்து வருஷம் கழிச்சு, 1996 டிசம்பர்ல தீர்ப்பு. கைது செய்யும்போது போலீஸ் கடைப்பிடிக்க வேண்டிய பதினோரு விதிகள். கைது செய்பவர் தன் பெயரும் பதவியும் தெரியும்படி பேட்ஜ் போட்டிருக்கணும். நேரம், தேதியோட கைதுக் குறிப்பாணை எழுதணும், அதில் குடும்பத்தாரோ அந்தப் பகுதியில் மதிக்கப்படுகிற ஒருத்தரோ சாட்சிக் கையெழுத்து போடணும். சொந்தக்காரர் ஒருத்தருக்குத் தகவல் சொல்லணும். பதினோராவது விதிதான் நம்ம விஷயம்: ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு கன்ட்ரோல் ரூம் இருக்கணும், கைதான 12 மணி நேரத்துக்குள் யார், எங்கே வைக்கப்பட்டிருக்கார் என்ற தகவல் அங்கே போய்ச் சேரணும், அது கண்ணில் படுகிற பலகையில் ஒட்டப்படணும்.

அதாவது அந்தப் பலகை ஊர்க்காரங்க வேடிக்கை பார்க்கிறதுக்காக வந்தது இல்ல. பத்தே முக்காலுக்கு அலையுற அம்மாவுக்காக வந்தது.

அதன்பிறகு இது சட்டத்துக்குள்ளேயே ஏறிடுச்சு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 41-சி என்று 2010-ல் நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிற புதுச் சட்டம், அதாவது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதுல பிரிவு 37. புதுசுல ஒரு நல்ல மாற்றம் இருக்கு. முன்னாடி கன்ட்ரோல் ரூம் வாசல்ல பலகை இருந்தா போதும். இப்போ ஒவ்வொரு காவல் நிலையத்திலும், மாவட்டத் தலைமையிடத்திலும், உதவி சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத ஒரு அதிகாரி இதற்கென்றே பொறுப்பாக இருக்கணும். கைதானவர் பெயர், முகவரி, எந்த மாதிரிக் குற்றம் என்பதை எல்லாருக்கும் தெரியும்படி வைக்கணும், டிஜிட்டல் முறையிலும் வைக்கலாம்.

நடைமுறையில் இது எப்படி இருக்குன்னு கேட்டா, நான் பார்த்த அந்த மூணாவது ஸ்டேஷன்ல பதினோரு விதிகளும் தமிழ்ல பெயின்ட்ல எழுதின ஒரு பலகை இருந்துச்சு. பறிமுதல் பண்ணின பைக்குகளுக்குப் பின்னாடி. பக்கத்துல கைதானவர்கள் விவரம்னு இன்னொரு பலகை, கட்டம் எல்லாம் அழகா போட்டு, காலியா.

சரி, இப்படி ஒரு ராத்திரியில் மாட்டினா என்ன செய்யணும்? முதல்ல மாவட்டக் கன்ட்ரோல் ரூமுக்குப் பேசுங்க. 100 அல்லது 112. மாநகரங்கள்ல கமிஷனர் அலுவலகத்தில் இருக்கும், சென்னையில அது வேப்பேரி. "பிரிவு 37-ன்படி கைதானவர் விவரம் கேட்கிறேன்"னு சொல்லிப் பாருங்க. பிரிவு நம்பரோட கேட்கிற குரலுக்குக் கிடைக்கிற பதில் கொஞ்சம் வேற மாதிரி இருக்கும். நியாயமான்னா இல்ல, ஆனா அப்படித்தான் இருக்கு. ஸ்டேஷனுக்கு நேர்ல போனா "எங்க பையன் இருக்கானா"ன்னு கேட்கிறதோட நிறுத்தாதீங்க. கைதா, எத்தனை மணிக்கு, எந்தப் பிரிவு, எஃப்.ஐ.ஆர். நம்பர் என்ன, எந்த மாஜிஸ்ட்ரேட்கிட்ட ஆஜர் பண்ணப்போறாங்க? இந்த அஞ்சும் வேணும். பதில் சொன்னவர் பெயரையும் நேரத்தையும் குறிச்சுக்கங்க. பிரிவு 48-ன்படி கைதானவர் கைகாட்டுகிற சொந்தக்காரருக்கோ நண்பருக்கோ உடனே தகவல் சொல்ல வேண்டியது போலீஸோட கடமை. அப்படித் தகவல் சொன்னதை ஸ்டேஷன்ல ஒரு புத்தகத்தில் பதியவும் வேணும்.

நேரம் ஏன் முக்கியம்னா, கைதாகி 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும், பயண நேரம் மட்டும் கழிச்சுக்கலாம். ஞாயிற்றுக்கிழமையா இருந்தாலும் இதுதான் கணக்கு. மாஜிஸ்ட்ரேட் வீட்டுக்கே கூட்டிட்டுப் போவாங்க. குறிப்பாணையில் எழுதியிருக்கிற நேரத்தில் இருந்துதான் எல்லாரும் எண்ண ஆரம்பிப்பாங்க. அதனால வீட்டில் வெச்சுக் கைது பண்ணி உங்ககிட்ட சாட்சிக் கையெழுத்து கேட்டா, போடுறதுக்கு முன்னாடி நேரத்தைப் படிங்க.

இங்கேதான் அந்த ரைட்டர் சொன்ன வார்த்தைக்கு வரணும். "கைதெல்லாம் இல்ல, விசாரணைதான்." கேட்க ஆறுதலா இருக்கும். ஆனா கைது இல்லைன்னா குறிப்பாணை இல்லை, பலகையில் பேர் இல்லை, 24 மணி நேரக் கணக்கும் ஆரம்பிக்கல. நடைமுறையில் பதினோரு விதியும் தொடாத ஒரு இடம் அது. உண்மையிலேயே விசாரணைதான்னா அதுக்கும் காகிதம் உண்டு. சந்தேகப்படுகிற ஆளுக்கு பிரிவு 35(3)-ல் நோட்டீஸ், சாட்சிக்கு பிரிவு 179-ல் எழுத்துப்பூர்வமான அழைப்பு. "நோட்டீஸ் கொடுத்தீங்களா சார், ஒரு காப்பி கிடைக்குமா?" என்று பணிவாகவே கேட்கலாம். நான் அன்னைக்குக் கேட்கல.

பையன் மறுநாள் மதியம் வீட்டுக்கு வந்தான். ஒரு செல்போன் திருட்டில் ஆள் அடையாளம் மாறிப்போச்சாம். எஃப்.ஐ.ஆர்.ல அவன் பேர் இல்ல, நோட்டீஸும் இல்ல. ராத்திரி ஏழே முக்கால்ல இருந்து மறுநாள் மதியம் வரைக்கும் அவன் எங்கே இருந்தான்னு எந்த ரெஜிஸ்டரும் சொல்லாது. அவன் ஒழுங்கா நடந்து வந்துட்டான், அதனால நான் இதை ஒரு எபிசோடா பேசிட்டு இருக்கேன்.

எங்கே விசாரிச்சும் ஆள் எங்கேன்னே தெரியலைன்னா ஹைகோர்ட்ல ஆட்கொணர்வு மனு போடலாம். வக்கீலுக்குக் காசு இல்லைன்னா 15100-க்கு போன் பண்ணுங்க, அது சட்டப் பணிகள் ஆணைக்குழுவோட இலவச உதவி எண். கைதானவருக்கு வக்கீல் ஏற்பாடு பண்ணித் தருவது அவங்க வேலையில் ஒண்ணு.

அடுத்தது, எஃப்.ஐ.ஆர். நிறைய பேருக்கு இது இணையத்துலயே கிடைக்கும்னு தெரியாது. 2016-ல் யூத் பார் அசோசியேஷன் வழக்குல சுப்ரீம் கோர்ட், எஃப்.ஐ.ஆர். போட்ட 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏத்தணும்னு சொல்லிச்சு. நெட்வொர்க் மோசமான இடங்களுக்கு அதிகபட்சம் 72 மணி நேரம். தமிழ்நாடு காவல்துறையோட ஈ-சர்வீசஸ் தளத்துல போய், மாவட்டம், காவல் நிலையம், வருஷம், நம்பர் போட்டா பார்க்கலாம். மொபைலுக்கு ஓ.டி.பி. வரும். பாலியல் குற்றங்கள், போக்சோ, தீவிரவாதம் மாதிரியான வழக்குகள் ஏறாது. ஒரு எச்சரிக்கை: எஃப்.ஐ.ஆர்.ல பேர் இருந்தா அவர் கைதாகிட்டார்னு அர்த்தம் இல்ல. கைதானவர் பேர் எஃப்.ஐ.ஆர்.ல இருந்தே ஆகணும்னும் இல்ல, "அடையாளம் தெரியாத நபர்கள்"னு ஆரம்பிக்கிற எஃப்.ஐ.ஆர். எத்தனையோ. இணையத்துல இல்லைன்னா குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பில் எழுதிக் கேட்கலாம், 24 மணி நேரத்தில் காப்பி தரணும்னு அதே தீர்ப்பு சொல்லுது.

வழக்கு கோர்ட்டுக்குப் போயிட்டா ஈ-கோர்ட்ஸ் ஆப். மாவட்டத்தையும் கோர்ட் வளாகத்தையும் தேர்ந்தெடுத்து எஃப்.ஐ.ஆர். நம்பர் போட்டா, அடுத்த வாய்தா எப்போ, எந்த நிலையில் இருக்குன்னு வரும். குற்றப்பத்திரிகை மட்டும் எல்லாருக்கும் கிடைக்காது. அதையும் இணையத்துல போடணும்னு கேட்ட ஒரு மனுவை 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தள்ளுபடி பண்ணிடுச்சு.

ஆர்.டி.ஐ. பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. பத்து ரூபாய், முப்பது நாள், உங்களுக்குத் தெரிஞ்சதுதான். ஆனா ஒருத்தரோட உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டதுன்னா 48 மணி நேரத்துல பதில் தரணும்னு பிரிவு 7(1)-லயே இருக்கு. மனுவோட தலைப்புலயே அதை எழுதிடுங்க. விசாரணைக்கு இடைஞ்சல்னு மறுக்க 8(1)(எச்) இருக்கு. அதனால "விசாரணையில் என்ன கண்டுபிடிச்சீங்க"ன்னு கேட்காம, "இந்தத் தேதியில் கைதுப் பலகையில் எழுதப்பட்ட பெயர்கள்"னு கேளுங்க. ஏற்கெனவே வாசல்ல ஒட்டியிருக்க வேண்டிய ஒண்ணை ரகசியம்னு சொல்றது கஷ்டம்.

இனிமேதான் எனக்குச் சங்கடமான பகுதி. இந்த எபிசோட் பண்ணப்போறேன்னு சொன்னதும் வந்த மெசேஜ்ல பாதி, "வாடகைக்கு வர்ற பையன் மேல கேஸ் இருக்கான்னு எப்படிப் பார்க்கிறது", "தங்கச்சிக்கு ஒரு வரன் வந்திருக்கு, செக் பண்ணணும்" ரகம். புரியுது. ஈ-கோர்ட்ஸ்ல பேர் போட்டும் தேடலாம், அதனால முடியாதுன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா நம்ம ஊர்ப் பேரை யோசிச்சுப் பாருங்க. ஒரு இனிஷியல், ஒரு பேர். "எஸ். கார்த்திக்"னு மதுரை மாவட்டத்துல மட்டும் எத்தனை பேர் இருப்பாங்க? வயசு, அப்பா பேர், முகவரி மூணும் ஒத்துப்போகாம வர்ற ரிசல்ட்டை வெச்சு ஒருத்தருக்கு வீடு இல்லைன்னு சொல்றதும், அந்த ஸ்டேஷன்ல ஆள் மாத்திக் கூட்டிட்டுப் போனதும் ஒரே தப்புதான்.

ஒத்துப்போனாலும் கைது என்பது போலீஸோட சந்தேகம், தீர்ப்பு இல்ல. விடுதலையான பிறகும் அந்தப் பேர் இணையத்துல கிடக்கும். குற்றம் நிரூபணம் ஆகலைன்னு விடுதலையான ஒருத்தர், தீர்ப்புல இருக்கிற தன் பேரை மறைக்கச் சொல்லி மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்குப் போனார். 2021-ல் தனி நீதிபதி, இதுக்குச் சட்டம் இல்லைன்னு மறுத்தார். 2024 பிப்ரவரியில் ரெண்டு நீதிபதிகள் அமர்வு அவருக்குச் சாதகமா சொல்லிச்சு. அதே வருஷம் ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அந்த உத்தரவை நிறுத்தி வெச்சுது.

கேரள போலீஸ் தளத்துல கைதானவங்க பட்டியலை மாவட்ட வாரியா பார்க்கலாம். பேர், அப்பா பேர், வயசு, முகவரி, கைதான இடம், நேரம், கைது பண்ணின அதிகாரி, எந்தக் கோர்ட், இல்ல ஸ்டேஷன் ஜாமீனான்னு வரிசையா கட்டம் கட்டி இருக்கும். முதல் தடவை பார்த்தப்போ, அன்னைக்கு ராத்திரி இப்படி ஒண்ணு இருந்திருந்தா மூணு ஸ்டேஷன் அலைஞ்சிருக்க வேண்டாமேன்னு நினைச்சேன். கொஞ்சம் கீழே தள்ளிப் பார்த்தா, பொது இடத்துல குடிச்சதுக்காகப் பிடிச்சு அன்னைக்கே ஜாமீன்ல விட்ட ஒருத்தரோட வீட்டு விலாசம் முழுசா இருந்துச்சு. பழைய தேதிப் பட்டியல் அது. குடும்பத்துக்கு அது தேவைப்பட்டது ஒரு நாள், மிஞ்சிப்போனா ரெண்டு நாள். அதுக்கப்புறம் அது யாருக்காக அங்கே இருக்குன்னு எனக்குப் பதில் கிடைக்கல. உங்களுக்கு என்ன தோணுதுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல ஜாமீன் பத்திப் பேசலாம்.