இரைப்பைச் சுவரில் சீழ்: ஓர் அரிய நோய்

உணவுடன் உட்செல்லும் கிருமிகளில் பெரும்பாலானவை இரைப்பையிலேயே மடிந்துவிடுகின்றன. அங்குச் சுரக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும், உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் சளிப்படலமும், செழிப்பான இரத்த ஓட்டமும் இரைப்பைக்கு அரணாக அமைந்துள்ளன. ஆதலின், கிருமிகள் இரைப்பைச் சுவருக்குள் புகுந்து சீழ் பிடிக்கச் செய்வது மிக அரிது. எனினும், அவ்வாறு நேருமாயின் சில நாட்களுக்குள் உயிருக்கே அபாயம் விளையக்கூடும். மருத்துவர்கள் இதனை ‘ஃபிளெக்மோனஸ் காஸ்டிரைட்டிஸ்’ என்பர். தமிழில் ‘சீழ்கொள் இரைப்பை அழற்சி’ எனலாம்.

இரைப்பைப் புண்ணை உண்டாக்கும் ஹெலிக்கோபாக்டர் பைலோரி என்னும் கிருமி சளிப்படலத்திலேயே பல்லாண்டுகள் தங்கி வாழ்வது. இந்நோயின் கிருமிகளோ சுவரின் உட்படைகளில், சிறப்பாகச் சளிச்சவ்வுக்கு அடியிலுள்ள படையில், விரைந்து பரவுகின்றன. இவற்றுள் முதன்மையானது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஆகும். ஸ்டாபிலோகாக்கஸ், ஈ. கோலை முதலியனவும் காணப்படுவதுண்டு. புண், புற்று ஆகியவற்றால் சவ்வு சிதைந்த இடத்தின் வழியாகவோ, உடலின் வேறொரு பகுதியிலிருந்து இரத்தத்தின் வழியாகவோ இவை வந்து சேர்கின்றன. மிகுதியாக மது அருந்துவோர், நீரிழிவு உடையோர், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியோர் ஆகியோரை இந்நோய் எளிதில் பற்றும். நல்ல உடல்நலம் உடையோருக்கும் இது வருவதுண்டு.

மேல்வயிற்றில் திடீரெனக் கடும் வலி, காய்ச்சல், குமட்டல், வாந்தி ஆகியவையே அறிகுறிகள். வாந்தியில் சீழ் வெளிப்படுமாயின் ஐயம் பெரிதும் நீங்கும். ஆனால், அது எப்போதாவதுதான் நிகழ்கிறது. ஏனைய குறிகள் கணைய அழற்சி முதலிய நோய்களுக்கும் பொதுவானவை. ஆகவே, சி.டி. படத்தில் இரைப்பைச் சுவர் தடித்துக் காணப்படுவது பெருந்துணையாகிறது. உள்நோக்கிக் கருவியால் மேற்பரப்பிலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது மட்டும் போதாது; சீழ் அதற்குக் கீழே மறைந்திருக்கலாம். ஆழத்திலிருந்து எடுத்த திசு, இரைப்பை நீர், இரத்தம் ஆகியவற்றில் கிருமியை வளர்த்துப் பார்த்தல் வேண்டும்.

சோதனையின் முடிவு வெளிவரச் சில நாட்கள் ஆகும். அதுவரை சிகிச்சையைத் தள்ளிப்போடுதல் தகாது. நோய் இதுவென ஐயம் எழுந்தவுடனேயே, பலவகைக் கிருமிகளையும் ஒடுக்கவல்ல ஆன்டிபயாடிக் மருந்துகளை இரத்தக்குழாய் வழியே செலுத்தத் தொடங்குவர். கிருமி இன்னதெனத் தெரிந்தபின் மருந்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். சுவர் துளைபட்டாலும், திசு அழுகினாலும், மருந்துக்கு நோய் தணியாவிடினும், பழுதுற்ற பகுதியை அறுவைச் சிகிச்சையால் அகற்ற நேரிடும்.

1940-களில் பெனிசிலின் வழக்கத்திற்கு வருமுன் இந்நோய்க்கு ஆளானோரில் பெரும்பாலோர் மாண்டனர். இன்று பலர் பிழைக்கின்றனர். ஆயினும், மருந்தின் பயன் அது தொடங்கப்படும் காலத்தைப் பொறுத்தது. காய்ச்சலுடன் கூடிய கடும் வயிற்று வலியை அசீரணம் எனக் கருதி வீட்டிலேயே காலங்கடத்தாது, உடனே மருத்துவமனையை நாடுதல் இன்றியமையாததாகும்.