விளக்கெண்ணெயிலிருந்து நைலான்

2012 மார்ச் 31. ஜெர்மனியில் மார்ல் என்ற ஊரிலுள்ள எவோனிக் நிறுவனத்தின் ரசாயன ஆலையில் வெடிவிபத்து. இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். அங்கே தயாரானது சைக்ளோடோடெகாட்ரையீன் என்ற, வாயில் நுழையாத பெயர் கொண்ட ஒரு திரவம். நைலான் 12 என்ற பிளாஸ்டிக்குக்கு அதுதான் மூலப்பொருள். அந்த பிளாஸ்டிக் இல்லாவிட்டால் கார்களுக்கு எரிபொருள் குழாயும் பிரேக் குழாயும் கிடைப்பது கஷ்டம். அடுத்த மாதமே கார் கம்பெனிகளும் உதிரிபாகக் கம்பெனிகளும் அமெரிக்காவின் டெட்ராய்ட் அருகே அவசரமாகக் கூடி, வேறு எதை வைத்துச் சமாளிக்கலாம் என்று ஆராய்ந்தன. பேசப்பட்ட மாற்றுகளில் ஒன்று நைலான் 11.

நைலான் 12 பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. நைலான் 11 விளக்கெண்ணெயிலிருந்து வருகிறது. ஆமாம், நம் பாட்டிமார் பிள்ளைகளின் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிய அதே எண்ணெய்தான்.

தாவரங்களைக் கொண்டு பெட்ரோலியத்தை ஈடுகட்டுவது என்று பேச்சு வந்தாலே நமக்கு எத்தனாலும் பயோடீசலும்தான் நினைவுக்கு வருகின்றன. அதாவது, எரிப்பதற்கு. ஆனால் எரிபொருளாகச் சோபிக்காத ஒரு எண்ணெய், ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டாக ரசாயன ஆலைகளில் சத்தமில்லாமல் பெட்ரோலியத்தின் இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அது எப்படி என்று பார்த்தால், தாவரங்களை எதற்குப் பயன்படுத்துவது புத்திசாலித்தனம் என்ற கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எல்லாவற்றிலும் இருப்பவை பெரும்பாலும் ஒரே மாதிரியான கொழுப்பமிலங்கள்: வரிசையாகக் கோத்த கார்பன் அணுக்கள், ஒரு முனையில் மட்டும் அமிலத் தொகுதி. ஆமணக்கு விதையிலிருந்து வரும் விளக்கெண்ணெய் இதில் தனி ரகம். அதன் கொழுப்பமிலங்களில் 85 முதல் 90 சதவீதம் வரை ரிசினோலெயிக் அமிலம் என்ற ஒன்றே ஒன்று. 18 கார்பன் கொண்ட அந்தச் சங்கிலியில், 9ஆவது கார்பனில் ஓர் இரட்டைப் பிணைப்பு; 12ஆவது கார்பனில், வேறெந்தச் சமையல் எண்ணெயிலும் காணாத ஒரு ஹைட்ராக்சில் தொகுதி. ஓர் ஆக்சிஜன், ஒரு ஹைட்ரஜன், அவ்வளவுதான். விளக்கெண்ணெயின் குணம் முழுக்க அந்த இரண்டு அணுக்களின் கைவண்ணம். பக்கத்து மூலக்கூறுகளை அவை பிடித்து இழுப்பதால்தான் எண்ணெய் அப்படிப் பிசுபிசுக்கிறது, சாராயத்தில் கரைகிறது. 1909-ல் சார்லஸ் வேக்ஃபீல்டின் கம்பெனி கொண்டுவந்த கேஸ்ட்ரால் என்ஜின் ஆயிலின் பெயரிலேயே ஆமணக்கு (ஆங்கிலத்தில் கேஸ்டர்) இருக்கிறது. முதல் உலகப் போரில் பறந்த விமானங்களின் சுழல் என்ஜின்களுக்கும் இதுவே மசகு.

இதே பிசுபிசுப்பு, டீசல் என்ஜினுக்கு ஆகாது. மற்ற எண்ணெய்களை மெத்தனாலோடு வினைபுரியச் செய்து பயோடீசல் ஆக்குகிறார்கள். விளக்கெண்ணெயில் அதைச் செய்தால், தர நிர்ணயம் அனுமதிக்கும் அளவைவிட அதிகக் கெட்டியான திரவம்தான் கிடைக்கிறது. எரிபொருள் பரீட்சையில் அதைத் தோற்கடித்த ஹைட்ராக்சில்தான் ரசாயன ஆலையில் அதற்கு மதிப்பைத் தருகிறது.

காரணம் எளிது. பெட்ரோலியம் என்பது ஏறத்தாழ கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட வழவழப்பான பொருள். பிடித்து வேலை செய்ய அதில் பிடிமானம் கிடையாது. அதிலிருந்து நைலான் போன்ற பிளாஸ்டிக்கோ மருந்தோ செய்ய வேண்டுமானால், முதலில் ஆக்சிஜனையோ நைட்ரஜனையோ செலவழித்து ஏற்ற வேண்டும். செடியோ அந்த வேலையை வெயிலில் நின்றபடி முடித்து வைத்திருக்கிறது. எரிக்கும்போது என்ன நடக்கிறது? செடி கஷ்டப்பட்டு அமைத்த அந்தக் கட்டுமானம் அத்தனையும் ஒரு நொடியில் சூடாக மாறிப் போய்விடுகிறது. போதாக்குறைக்கு, ஏற்கெனவே ஆக்சிஜன் கலந்த எரிபொருளில் வெப்பமும் குறைவு. ஒரு லிட்டர் எத்தனால் தருவது ஒரு லிட்டர் பெட்ரோல் தருவதில் மூன்றில் இரண்டு பங்கு.

நைலான் 11 பிறக்கும் விதம் அழகானது. எண்ணெயை மெத்தனாலோடு சேர்த்து மெத்தில் ரிசினோலியேட் ஆக்குகிறார்கள். கிளிசரின் தனியே பிரிந்து வந்துவிடும். அந்த மெத்தில் ரிசினோலியேட்டை நீராவியோடு 500 டிகிரிக்கு மேல் சூடான உலைக்குள் நொடிப்பொழுது செலுத்துகிறார்கள். வேறொரு எண்ணெயாக இருந்தால் இந்தச் சூட்டில் கண்ட இடத்தில் துண்டாகிக் கதம்பமாகியிருக்கும். இங்கே ஹைட்ராக்சிலின் ஹைட்ரஜன் பக்கத்திலிருக்கும் இரட்டைப் பிணைப்பை நோக்கித் தாவ, சங்கிலி 11ஆவது கார்பனுக்கும் 12ஆவது கார்பனுக்கும் நடுவே அறுகிறது. தபால்தலைத் தாள் துளைக்கோட்டில் கிழிவது மாதிரி, சொல்லிவைத்த இடத்தில். 11 கார்பன் துண்டு ஒன்று, 7 கார்பன் துண்டு ஒன்று. 11 கார்பன் துண்டின் முனையில் புரோமினை ஏற்றி, பிறகு அம்மோனியாவால் அதை மாற்றினால், ஒரு முனையில் அமிலமும் மறுமுனையில் அமீனும் கொண்ட மூலக்கூறு தயார். ஒன்றின் தலை மற்றொன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு நீள வேண்டியதுதான் பாக்கி. நைலான் 11 என்ற பெயரிலுள்ள எண், செடி கொடுத்த கார்பன்களின் எண்ணிக்கை.

பிரான்சில் 1940-களில் உருவான முறை இது. ரில்சான் என்ற வணிகப் பெயரில் அந்த நைலான் இன்றும் விற்கிறது. இப்போது ஆர்க்கெமா நிறுவனம் தயாரிக்கிறது. மார்செய்யில் பழைய ஆலை, சீனாவில் ஒன்று, 2022-ல் தொடங்கிய சிங்கப்பூர் ஆலை ஒன்று. லாரிகளின் காற்று பிரேக் குழாய் இதில் ஆகிறது. கடலடியிலிருந்து கச்சா எண்ணெயை மேலே கொண்டுவரும் வளையும் குழாய்களின் உள்ளுறையும் இதே நைலானில் செய்யப்படுகிறது. பெட்ரோலியத்தை எடுக்கவே ஆமணக்கு தேவைப்படுகிறது என்றால் சிரிக்காமல் என்ன செய்வது!

மிஞ்சிய 7 கார்பன் துண்டும் வீண்போவதில்லை. ஹெப்டனல் என்ற அந்தப் பொருளை பென்சால்டிஹைடோடு சேர்த்தால் மல்லிகை மணம் வருகிறது. சோப்பிலும் ஊதுவத்தியிலும் கமழும் மல்லிகையில் இதற்கும் பங்குண்டு. உலையின் சூட்டுக்குப் பதில் காரத்தோடு சேர்த்து எண்ணெயைக் காய்ச்சினால், சங்கிலி வேறோர் இடத்தில் உடைந்து 10 கார்பன் கொண்ட செபாசிக் அமிலம் கிடைக்கும். பிரஷ் மயிராகும் நைலான் 6,10-க்கு அதுதான் மூலம். ஹைட்ரஜனை ஏற்றிக் கெட்டியாக்கினால் வாகனச் சக்கரங்களின் பேரிங்குகளில் அடைக்கும் லித்தியம் கிரீஸுக்கு அடிப்படை. பாலியூரிதேன், பெயின்ட், லிப்ஸ்டிக் என்று பட்டியல் நீளும்; இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

ஆமணக்குக்கு ஒரு பங்காளி உண்டு: காட்டாமணக்கு. ஒரே தாவரக் குடும்பம். 2003-ல் திட்டக் கமிஷனின் குழு தரிசு நிலங்களில் அதைப் பெருமளவில் நட்டு டீசல் எடுக்கலாம் என்றது. குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் மேடைதோறும் அதைப் பற்றிப் பேசினார். பின்னர் வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2017-க்குள் 20 சதவீதக் கலப்பு என்று இலக்கு வைத்தது. தமிழ்நாட்டிலும் மானியத்தோடும் கம்பெனி ஒப்பந்தத்தோடும் நட்டார்கள். 2008 டிசம்பரில் ஏர் நியூசிலாந்தின் போயிங் 747, ஓர் என்ஜினில் பாதிக்குப் பாதி காட்டாமணக்கு எரிபொருளை ஊற்றிப் பறந்தும் காட்டியது. 2018-ல் டேராடூனிலிருந்து டெல்லிக்கு ஸ்பைஸ்ஜெட்டும் பறந்தது.

விமானம் பறந்தது, வயலில் காய்தான் இல்லை. தண்ணீரில்லாத நிலத்தில் காட்டாமணக்கு சாகாது என்பது உண்மை. ஆனால் சாகாமல் இருப்பது வேறு, காய்ப்பது வேறு. மனிதன் தேர்ந்தெடுத்துப் பழக்காத காட்டுச் செடி அது. காய்கள் ஒரே சமயத்தில் முற்றாததால் திரும்பத் திரும்ப ஆள் விட்டுப் பறிக்க வேண்டும். புண்ணாக்கில் நஞ்சு இருப்பதால் மாட்டுக்குப் போட முடியாது. இத்தனைக்கும் மேல், எண்ணெயின் விலை டீசல் விலையைத் தாண்ட முடியாது. கூலி ஏறினாலும் மழை பொய்த்தாலும் உச்சவரம்பு அதுதான். பிரிட்டனின் டி1 ஆயில்ஸ் நிறுவனத்தோடு 2007-ல் காட்டாமணக்கில் கைகோத்த பிபி, 2009-ல் விலகிக்கொண்டது. நம் ஊர் விவசாயிகள் செடியைப் பிடுங்கிவிட்டு வேறு பயிருக்குப் போனார்கள்.

சரி, ஆமணக்கையே டீசலாக்கினால் என்று யாராவது கேட்கலாம். பிசுபிசுப்பை ஒதுக்கிவிட்டு ஒரு கணக்கு மட்டும் போடுவோம். இந்தியா ஆண்டுக்கு ஏறத்தாழ 9 கோடி டன் டீசல் எரிக்கிறது. நாளொன்றுக்கு இரண்டரை லட்சம் டன் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தியாவின் ஆமணக்கு விளைச்சல் ஆண்டுக்கு 18, 19 லட்சம் டன் விதை. பாதிக்குச் சற்றுக் குறைவாக எண்ணெய் இறங்கும். அத்தனையையும் ஊற்றினாலும் நாலு நாளைக்குக் காணாது. அதே அளவு எண்ணெய், உலகம் முழுவதற்கும் வேண்டிய விளக்கெண்ணெய்த் தேவையில் பெரும்பகுதியை நிறைவேற்றுகிறது. எரிபொருள் சந்தை ஒரு கடல். வயலைக் கொட்டி அதை நிரப்ப முடியாது. ரசாயனச் சந்தை சிறியது, விலை கொடுப்பது. எத்தனாலில் இந்த நெருக்கடியை ஏற்கெனவே பார்க்கிறோம். கரும்புக் கழிவான மொலாசஸில் தொடங்கியது மக்காச்சோளத்துக்கு வந்து சேர்ந்தது. மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்த நாடு 2024-ல் இறக்குமதி செய்தது. தீவன விலை ஏறிவிட்டதென்று நாமக்கல் கோழிப் பண்ணைக்காரர்கள் புலம்பினார்கள்.

ஆமணக்கைத் தூக்கிப் பிடிப்பதால் அதன் குறைகளை மறைக்கக் கூடாது. விதையில் ரிசின் என்ற கொடிய நஞ்சுப் புரதம் உண்டு. அது எண்ணெயில் இறங்காது, சூட்டில் செயலிழக்கும். ஆனாலும் புண்ணாக்கை உரமாகத்தான் போட முடியும். நைலான் 11 செடியிலிருந்து வந்தாலும் மண்ணில் மட்காது. மூலப்பொருள் பசுமை என்றால் குப்பையும் பசுமை என்று விளம்பரங்கள் நம்ப வைக்கின்றன, நம்ப வேண்டாம். விலையும் தாறுமாறாக ஆடும். 2016 ஜனவரியில் என்சிடெக்ஸ் சந்தையில் ஆமணக்கு விதை முன்பேர வர்த்தகத்தையே நிறுத்தி வைக்க வேண்டி வந்தது.

உலகின் மூலப்பொருள் ஒரே நாட்டின் பருவமழையை நம்பி இருப்பது வெளிநாட்டு ஆலைகளுக்கும் உறுத்தல்தான். அதனால் ஆமணக்கின் வித்தையை வேறு செடிக்குக் கற்றுக்கொடுக்க விஞ்ஞானிகள் முயன்றார்கள். ஹைட்ராக்சிலை ஏற்றும் நொதிக்கான மரபணுவை 1995-ல் பிரித்தெடுத்தார்கள். மற்ற செடிகளில் 12ஆவது கார்பனில் இரட்டைப் பிணைப்பு போடும் நொதியின் நெருங்கிய உறவு அது. ஒருசில அமினோ அமிலங்கள் மாறியதில் வேலையே மாறிவிட்டது. அந்த மரபணுவை அரபிடாப்சிஸ் என்ற சோதனைச் செடிக்குள் வைத்துப் பார்த்தார்கள். கிடைத்தது 20 சதவீதத்தை ஒட்டித்தான் நின்றது. ஆமணக்கு 90-ஐத் தொடுகிறது. புதுவகைக் கொழுப்பை எண்ணெய்க்குள் கொண்டு சேர்க்கும் துணை நொதிகள் ஆமணக்கிடம் தனியாக இருக்கின்றன என்பது அப்புறம்தான் புரிந்தது. இந்தச் செடிக்கு இன்னும் மாற்று வரவில்லை.

அந்தச் செடி நம்மிடம் இருக்கிறது. உலக விளைச்சலில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் இந்தியா. அதில் பெரும்பங்கு குஜராத். உலகின் முதல் வணிக வீரிய ஒட்டு ஆமணக்கான ஜிசிஎச் 3, 1968-ல் அங்கேதான் வெளியானது. தமிழ்நாட்டிலும் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் ஒட்டு ரகங்களை வெளியிட்டிருக்கிறது. ஆனால் நம் விவசாயிகளுக்கு ஆமணக்கு பெரும்பாலும் வரப்புப் பயிர். கடலைக் காட்டில் புரோடீனியா புழுவை இழுத்துக்கொள்ளும் பொறிப்பயிர்.

நம் எண்ணெயின் பெரும்பகுதி எண்ணெயாகவே கப்பலேறுகிறது. செபாசிக் அமிலத்தைச் சீனா பெருமளவில் செய்து விற்கிறது, நைலான் 11 பிரான்சிலும் சிங்கப்பூரிலும் ஆகிறது. எத்தனாலுக்குக் கொள்முதல் விலை உண்டு, கலப்பு இலக்கு உண்டு, வட்டி மானியம் உண்டு. விளக்கெண்ணெயை நைலானாக்க அப்படிப்பட்ட இலக்கு எதுவும் கிடையாது. உயிரிவழி ரசாயனங்களை ஊக்குவிக்க 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை பயோஇ3 என்ற கொள்கைக்கு ஒப்புதல் தந்திருக்கிறது. நொதித்தல் தொட்டிகளுக்கு அதில் கிடைக்கும் கவனத்தில் ஒரு பங்கு ஆமணக்கு ஆலைகளுக்கும் வேண்டும். எண்ணெயாக விற்பதை நிறுத்திவிட்டு, அதிலிருந்து வரும் 11 கார்பனையும் 10 கார்பனையும் இங்கேயே செய்து விற்கும் ஆலைகளுக்கு அரசு முதலில் பணம் ஒதுக்கட்டும்.