இதயச் சிப்பிகளின் இயல்பும் இனமுறையும்

கடற்கரை மணலிற் கிடைக்கும் ஈரோட்டுச் சிப்பிகள் பலவற்றை நம்மவர் ‘மட்டி’ என்னும் பொதுப்பெயரால் வழங்குவர். உண்போர்க்கு அப்பெயர் போதும். விலங்கியலாரோ எது எதனோடு உறவுடையது என்பதை அறிய விழைவர். அவ்வறிவு எளிதில் எய்தத்தக்கதன்று என்பதற்கு, ஆங்கிலத்தார் ‘கொக்கிள்’ என வழங்கும் சிப்பிகளின் கார்டியிடே குடும்பம் தக்க சான்றாகும்.

இக்குடும்பப் பெயர் இதயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. மூடிய சிப்பியை ஒரு பக்கமாக நிறுத்தி நோக்கின் இதயவடிவு புலப்படும். ஐரோப்பியக் கரைகளில் மிகுந்துள்ள உண்ணத்தகு கொக்கிளுக்கு 1758இல் இலின்னேயசு ‘கார்டியம் எடூலே’ எனப் பெயரிட்டார். இன்று அது ‘செரசுத்தோடேர்மா எடூலே’ எனப்படும். இது மணலிற் சிறிதளவு புதைந்திருந்து, இரு குறுங்குழாய்களை மேலே நீட்டும். ஒன்றால் நீரை உள்வாங்கி, பூ எனப்படும் செவுள்களால் நுண்ணுயிர்களை வடித்துண்டு, மற்றதால் நீரை வெளிவிடும். வளைந்த தசைப்பாதத்தை மடக்கி நிமிர்த்தித் துள்ளவும் வல்லது. முட்டையும் விந்தும் நீரிற் கலந்து கருவுறும். குடம்பிகள் சில வாரம் மிதந்து, பின் மணலில் அமரும். குளிர்காலத்தில் வளர்ச்சி குன்றுவதால் ஓட்டில் வளையங்கள் தோன்றும். அவற்றை எண்ணி வயதைக் கணிப்பர்.

இனி இனமுறையை நோக்குவோம். தென்கிழக்காசியாவில் விரும்பி உண்ணப்படும் ‘இரத்தக் கொக்கிள்’ கார்டியிடே சிப்பிகளைப் போலவே புடைத்த ஓடும் விசிறிபோல் விரியும் வரம்புகளும் உடையது. ஆயின் இரண்டு ஓடுகளும் பொருந்தும் கீலை ஆராயின் வேற்றுமை தெளிவாகும். கார்டியிடேயின் கீலிற் சில பற்களே உள. இரத்தக் கொக்கிளிலோ நுண்ணிய பற்கள் பல நேர்வரிசையில் அமைந்துள்ளன. அதன் குருதியும் ஈமோகுளோபினாற் சிவந்தது. எனவே அது ஆர்க்கிடே என்னும் வேறொரு குடும்பத்தது.

இதற்கு மறுதலையாக, பவளப்பாறைகளில் வாழும் திரிடாக்னா என்னும் பேருருச் சிப்பியைக் காண்க. அவ்வினத்துட் பெரியது 1 மீற்றருக்கு மேல் நீளமும் 200 கிலோகிராமுக்கு மேல் நிறையும் எய்தும். அதன் மென்மூடியில் அல்காக்கள் குடியிருந்து, சூரிய ஒளியால் உணவாக்கி அதற்கும் ஈயும். இலின்னேயசு இதனைக் ‘காமா’ என்னும் சாதியுட் சேர்த்தார்; பின்வந்தோர் தனிக் குடும்பமாக்கினர். 20ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் உடலமைப்பையும் மரபணுவையும் ஆராய்ந்தவர்கள், இது கார்டியிடேயின் ஒரு கிளையே எனத் துணிந்தனர்.

ஒத்த தோற்றமுடையது அயலாகவும், வேறுபட்ட தோற்றமுடையது உறவாகவும் முடிந்தமை காண்க. ஒரேவகை வாழ்க்கை அயலினங்களுக்கும் ஒத்த ஓட்டை அளிக்கலாம்; வாழ்க்கை மாறின் உறவினங்களின் ஓடும் மாறலாம். ஆதலின் புறத்தோற்றத்தோடு அமையாது, கீலையும் உள்ளுறுப்புகளையும் மரபணுவையும் ஒருங்கே ஆராய்ந்து உறவைத் துணிதலே முறையாகும். மாணவர் ஒரு சிப்பியைக் கையிலெடுக்கும்போது முதலிற் திறந்து நோக்கவேண்டியது அதன் கீலையே.